சித்தியின் நிறத்தை அளந்த நோட்டு

கொளுத்திவிடு என்று அம்மா இரண்டு முறை சொன்ன நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. நான் கொளுத்தவில்லை. நாற்பது பக்க நோட்டு. பழுப்பு அட்டையில் என் பெயரும், 'ஆறாம் வகுப்பு, ஆ பிரிவு' என்பதும் நீல மையில் இருக்கின்றன. உள்ளே தை மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமையிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: கிழமை, நேரம், ஓர் எண். மொத்தம் ஐம்பத்திரண்டு வரிகள். ஒரு நாளும் விடுபடவில்லை. மாசி மகத்தன்று ஊரே மணிமுத்தாற்றங்கரையில் நின்றபோதுகூட, காலை ஏழேகாலுக்கு ஜன்னலோரம் நின்று எண்ணை எழுதிவிட்டுத்தான் நான் திருவிழாவுக்குக் கிளம்பியிருக்கிறேன். என் சித்தி அன்றைக்கு எவ்வளவு கறுப்பு என்பதைக் குறிக்கும் எண் அது.

சித்தி அம்மாவுக்குப் பத்து வயது இளையவள். பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, அம்மாதான் அவளை வளர்த்தாள். "உங்கம்மா சீர்வரிசையோட ஒரு தங்கச்சியையும் கொண்டாந்தா" என்று அப்பா கேலி செய்வார். பீரோ பழசாகிவிட்டது, தங்கச்சி மட்டும் இன்னும் பிரிக்காமலே இருக்கிறாள் என்றும் சேர்த்துக்கொள்வார். கேலியின் இரண்டாம் பாதி அம்மாவைக் குத்தும். சித்திக்கு அப்போது இருபத்தேழு நடந்துகொண்டிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேருமே போய்த் தகவல் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள்.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் சித்தி வேலை பார்த்தாள். அச்சில் வார்த்து, காயவைத்து, முதல் சூடு முடிந்து வரும் பொம்மைகளுக்கு நிறம் கொடுக்கும் பகுதியில் அவள்தான் மூத்தவள். பூசும்போது ஒரு நிறம், சூளைக்குள் போய் வந்தால் வேறு நிறம். அதனால் முன்கூட்டியே பிஸ்கட் அளவில் சின்னச் சின்ன வில்லைகள் செய்து, நிறத்தைப் பூசி, பின்பக்கம் எண் எழுதிச் சுட்டு வைத்திருப்பார்கள். கம்பெனியில் அதற்குச் 'சாம்பிள்' என்று பெயர். வாங்க வரும் வியாபாரிகள் அவற்றைப் பார்த்து எண்ணைச் சொன்னால் போதும். பொம்மைகளின் முகத்துக்கு மட்டும் பதினான்கு சாம்பிள்கள். ஒன்று பால் வெள்ளை, பதினான்கு அடுப்புக்கரி. எல்லோரும் மூன்றாம் எண்ணைத்தான் கேட்பார்களாம். "ஏழுக்கு மேல போனா காவக்காரன் பொம்மைக்கு மட்டுந்தான்" என்பாள் சித்தி.

கம்பெனியில் புதிய வரிசை சுட்டு முடித்ததும், பழைய பதினான்கையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு எனக்கு விளையாடக் கொடுத்தாள். இது மார்கழி முதல் வாரம்.

அதே மார்கழியில் வேப்பூர்ப் பக்கமிருந்து ஒரு ஜாதகம் வந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் சொந்த ஹோட்டல், பஸ்கள் நின்று போகும் இடம், மாப்பிள்ளை ஒரே பையன். மார்கழியில் நல்ல காரியம் பேச மாட்டார்கள். ஆனால் போட்டோ அனுப்புவதற்கு யாரும் மாதம் பார்ப்பதில்லை. அம்மா சித்தியைக் கடைவீதி ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனாள். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் சித்தியின் முகத்தைத் தடவித் தடவி மூன்றாம் எண்ணுக்குக் கொண்டுவந்துவிட்டார். நானும் கூட இருந்து பார்த்தேன். பக்கத்து ஊர்க்காரி யாரோ சித்தியின் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. அம்மா அதைத் தரகரின் வாட்ஸப்புக்கு அனுப்பினாள். இரண்டே நாளில் பதில் வந்தது: பெண்ணை ரொம்பப் பிடித்திருக்கிறது, மாசி மகக் கூட்டம் ஓயட்டும், பங்குனி பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறோம்.

அன்று மாலை முழுதும் அம்மா சிரித்தபடியே இருந்தாள். விளக்கு வைக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வரப்போகிறவர்கள் போட்டோவில் இருப்பவளைப் பார்க்க வருகிறார்கள். போட்டோவை இனி மாற்ற முடியாது. ஆளைத்தான் மாற்ற வேண்டும்.

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. மார்கழிக் கடைசியிலேயே எங்கள் மொட்டை மாடி நாட்டு மருந்துக் கடை ஆகிவிட்டது. ஆவாரம்பூவும் பன்னீர் ரோஜா இதழும் வெயிலில் காய்ந்தால் நிறம் போய்விடும் என்று, தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர நகர அவற்றையும் நகர்த்திக்கொண்டே இருந்தாள். ஆரஞ்சுத் தோலுக்கு மட்டும் நல்ல வெயில். கஸ்தூரி மஞ்சளை அம்மியில் தட்டிப் பார்த்து, உள்ளே வெண்மஞ்சளாக இருந்தால்தான் அசல் என்று இரண்டு கடைகளில் திருப்பிக் கொடுத்தாள். பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் என்று எல்லாவற்றையும் தனித்தனித் துணியில் முடிந்து வைத்தாள். மாவு மில்காரர், சீயக்காய் அரைக்கும் செவ்வாய்க்கிழமை கடைசி ஆளாக வந்தால்தான் இதை அரைப்பேன் என்றார். இல்லாவிட்டால் அடுத்து வருபவரின் கோதுமை மாவில் பூலாங்கிழங்கு மணக்கும். அம்மா அப்படியே கடைசி ஆளாகப் போய், மிஷின் பக்கத்திலேயே நின்று அரைத்து வாங்கி வந்து, வெள்ளை வேட்டித் துணியில் இரண்டு முறை சலித்தாள். மூன்று படி நலங்கு மாவு. அந்த வாசனை என் பாடப் புத்தகங்களில்கூட ஏறியிருந்தது.

தலைக்கும் தனியாக ஓர் எண்ணெய் காய்ச்சினாள். கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி, வெந்தயம், செம்பருத்தி. இலையின் சலசலப்பு அடங்கும் நேரம் பார்த்து இறக்க வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினால் கருகல். அந்த எண்ணெயைச் சித்தி மறுபேச்சில்லாமல் தேய்த்துக்கொண்டாள். மாவைத்தான் அவள் கையால் தொடவில்லை.

"முடிக்கு மட்டும் வாங்கிக்கிறே, மூஞ்சிக்கு மாட்டேங்கிறே. என்னாடி நியாயம்?"

"முடி கருகருன்னு இருக்கணும்னு நீயே எண்ணெ காச்சுறே. அதே கறுப்பு நெத்திக்குக் கீழ எறங்குனா ஆவாதா? நான் என்னா சூளையிலேருந்து எறக்குன பொம்மையாக்கா, மறுபடியும் பூசிச் சுடறதுக்கு?"

"வாய மூடிக்கிட்டுப் பூசு. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாளு. சாமிக்கு மால போட்டுக்கிட்டு இருக்கிறதில்லையா?"

"சாமி என்னைக்கு கலரு பாத்து மால போடச் சொல்லுச்சு?"

அம்மா அழுதாள். சித்தியிடம் எந்தப் பேச்சும் தோற்றுப் போகும், அம்மாவின் அழுகையைத் தவிர. காலையில் எட்டு மணிக்குள் கம்பெனிக்குப் போக வேண்டும், மாவு பூசிக் காயும்வரை உட்கார நேரமில்லை, டப்பாவில் போட்டுக் கொடு, சாப்பாட்டு இடைவேளையில் அங்கேயே பூசிக்கொள்கிறேன் என்றாள். அம்மா அதற்கென்று ஒரு எவர்சில்வர் டப்பா ஒதுக்கினாள். தினமும் அது நிறைந்து போகும், காலியாகத் திரும்பி வரும்.

நிறம் மாறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்வி வந்தபோது நான் அட்டைப் பெட்டியோடு ஓடி வந்தேன். அது என் யோசனைதான்; வேறு யார் தலையிலும் அதைக் கட்ட முடியாது. காலை ஏழேகால், கிழக்கு ஜன்னல், சித்தியின் இடது மணிக்கட்டின் மேல்பக்கம். சாம்பிள்களை வெள்ளையிலிருந்து ஒவ்வொன்றாகத் தோலோடு ஒட்டி வைத்துப் பார்ப்பேன். எது முதலில் பொருந்துகிறதோ அதோடு நிறுத்திவிடுவேன். அதன் எண்தான் அன்றைய எண். முதல் நாள், வெள்ளிக்கிழமை: பதினொன்று. நோட்டைப் பார்த்து அம்மா பெருமூச்சு விட்டாள். சித்தி தன் மணிக்கட்டில் இருந்த வில்லையைப் பார்த்து, "நல்லா சுட்டிருக்குது. ஒரு பொத்தல் இல்ல" என்றாள்.

சித்தியும் வீட்டில் ஒன்று தயாரித்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். களிமண் கையிலுள்ள எண்ணெயையெல்லாம் உறிஞ்சிவிடும். கம்பெனிப் பெண்களின் விரல் மடிப்புகள் வெடித்து, குழம்பு பட்டால் எரியும். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, அதற்குள் இன்னொரு பாத்திரம் இறக்கி, ஒரு பங்கு தேன்மெழுகுக்கு நாலு பங்கு தேங்காய் எண்ணெய், கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டு உருக்குவாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழக்கூடாது. விழுந்தால் பூஞ்சை பிடிக்கும். இறக்கி, வெதுவெதுப்பு ஆறும்போது, கம்பெனியில் விளிம்பு உடைந்ததால் கழித்துவிட்ட சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவாள். அது உறைந்து வெண்ணெய் போல் நிற்கும். திங்கட்கிழமை எல்லாக் கிண்ணமும் கம்பெனிக்குப் போய்விடும். "ஊரான் கைக்கெல்லாம் செய்யிறா, தன் மூஞ்சிக்குச் செய்ய மாட்டேங்கிறா" என்று அம்மா பாத்திரத்தை நறுக்கென்று வைப்பாள்.

பதினான்காம் நாள் வியாழக்கிழமை. அன்றும் பதினொன்று. பதினான்கு வரியிலும் அதே எண்ணை நானே எழுதியிருந்தேன், நாளாக நாளாக எண்ணைச் சின்னதாகவும் எழுதியிருந்தேன். அம்மா நோட்டை மூடிவிட்டு, மாவு போதாது, கிரீம் வாங்கப் போகிறேன் என்றாள். பேர், ஊர் எதுவும் ஒட்டாத சின்ன டப்பாவில், யாரோ யாருக்கோ கொண்டுவந்து கொடுக்கும் கிரீம். சித்தியின் கம்பெனியில் ஒரு பெண் அதைப் பூசி, ஒரு பக்கக் கன்னம் உரிந்து, பிறகு இரண்டு நிறமாகவே நின்றுவிட்டது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் முந்தானையால் அந்தப் பக்கத்தை மூடியபடிதான் பேசுவாள்.

"அவ அளவு தெரியாம பூசிக்கிட்டா" என்றாள் அம்மா.

சித்தி என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தபடி கேட்டாள். "நம்பரு எறங்குனா கிரீமு வேணாமில்ல?"

"எறங்குனா எனக்கு எதுக்குடி கிரீமு?"

"அப்ப எறங்கும், இரு."

பதினேழாம் நாள், ஞாயிறு: பத்து. நான் கத்திய கத்தலில் அப்பா சவரம் பாதியில் நிற்க ஓடி வந்தார். இருபத்தாறாம் நாள், செவ்வாய்: ஒன்பது. முப்பத்தைந்தாம் நாள், வியாழன்: எட்டு. நாற்பத்து நாலாம் நாள், சனிக்கிழமை: ஏழு. அம்மா சித்தியின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர் உட்பட நாலு பேருக்கு மாவின் பக்குவத்தை எழுதிக் கொடுத்தாள். சித்தி தெளிந்துவிட்டதாக அவர்களும் சொன்னார்கள். நானுமே என் கண்ணால் கண்டேன். எட்டுக்கும் ஏழுக்கும் நடுவே சித்தியின் மூக்கு நுனி பளபளத்ததாக ஒரு குறிப்பே எழுதி வைத்திருக்கிறேன். கிரீம் என்ற பேச்சு வீட்டில் எழவே இல்லை.

மண்டலம் ஒரு புதன்கிழமை முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். நடுவில் இருந்த மூன்று நாட்களுக்கும் அம்மா மாவு கொடுத்து அனுப்பினாள், நானும் எழுதினேன். ஐம்பத்திரண்டாம் வரியில் 'ஞாயிறு, ஏழேகால், ஏழு' என்று இருக்கிறது.

மாப்பிள்ளை, அவர் அம்மா, அக்கா, கூடவே தரகர். மாப்பிள்ளையின் அம்மா அன்பானவர்தான். வரும்போதே என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். கையில் போனைத் திறந்தே வைத்திருந்தார். சித்தி காபித் தட்டோடு வந்து நின்றதும் போனைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி போனைப் பார்த்தார்.

"போட்டோவுல இருக்கிறது நீதானாம்மா?"

"புடவ என்னோடதுதாங்க" என்றாள் சித்தி.

மாப்பிள்ளையின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா அவசரமாக உள்ளே புகுந்தாள். "வெயில்ல வேலைக்குப் போயிட்டு வருதுங்க. ஒரு வாரம் வூட்டோட இருந்தா தெளிஞ்சிரும். இப்பவே எவ்வளவோ தெளிஞ்சிருக்குது."

இவர்கள் நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நம்பவைக்க என்னிடம் ஆதாரம் இருந்தது. உள்ளே ஓடிப்போய் நோட்டையும் பெட்டியையும் கொண்டுவந்தேன். "நெசமாத்தாங்க! சித்தி பதினொண்ணுல இருந்தாங்க, இப்ப ஏழுக்கு வந்துட்டாங்க. எல்லாம் எழுதியிருக்கிறேன், பாருங்க" என்றேன். அம்மா கண்ணால் மிரட்டியதை நான் உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டேன். சாம்பிள்களை எண் வரிசைப்படி பாயில் அடுக்கினேன்.

அதுவரை நான் அவற்றை முழு வரிசையாக அடுக்கியதே இல்லை. தினமும் வெள்ளையிலிருந்து தொடங்கி, பொருந்தியதும் நிறுத்திவிடுவேனே தவிர, அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. ஒன்றிலிருந்து ஆறுவரை, பாலில் டீ கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதுபோல் நிறம் ஏறிக்கொண்டு வந்தது. ஏழில் திடீரென்று கறுத்துவிட்டது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று ஐந்தும் ஒரே நிறம். அசல் சித்தியின் நிறம்.

"என்னாம்மா இது, அஞ்சும் அண்ணந்தம்பி மாதிரி இருக்குது?" என்று மாப்பிள்ளையின் அக்கா சிரித்தே விட்டார்.

நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்க எண்ணைப் பார்த்தேன். எண்கள் சரியாகத்தான் இருந்தன. மறுபடி அடுக்கினேன். என் கண்ணில் நீர் முட்டியது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். என் மோவாயைப் பிடித்துத் தூக்கினார்.

"வுடு கண்ணு, அழாத. நீயும் அச்சு அசலா உங்க சித்தி கலருதான். இப்பவே தேச்சுக் குளிக்க ஆரம்பிச்சின்னா உங்கம்மாவுக்கு நாளைக்கு இந்தப் பாடு இருக்காது."

அதில் ஒரு சொட்டு விஷமம் இல்லை, நல்லதைத்தான் சொன்னார். எனக்கும் அழுகை நின்றுவிட்டது. சித்தியைப் போல என்று யாராவது சொன்னால் அந்த நாள் முழுதும் எனக்குப் பெருமையாக இருக்கும். சித்தி கேட்டாளா என்று திரும்பிப் பார்த்தேன். அதுவரை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

சித்தி காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"அத நாந்தாங்க சுட்டேன். பதினொண்ணோட கலர நாலு வில்லையில பூசி, பின்னாடி பத்து, ஒம்போது, எட்டு, ஏழுன்னு எழுதி ஒண்ணொண்ணா பொட்டியில மாத்தி வெச்சேன். எங்கக்கா அரச்ச மாவு ஒரு நாளுகூட என் மூஞ்சியில படல. கம்பெனியில பன்னண்டு பொம்பளைங்க சாப்பிடப் போறதுக்கு முன்னாடி அதப் போட்டுத்தான் களிமண்ணு கைய கழுவுறாங்க. நல்ல மாவுங்க. அழுக்கு போவுது. கலரு போவல."

"ஏம்மா, பெரியவங்க முன்னாடி வாய் கொஞ்சம் அதிகமா இருக்குதே" என்றார் தரகர்.

"வாய்க்கும் சாம்பிளு வெச்சிருக்கிறீங்களா?" என்ற சித்தி, மாப்பிள்ளையின் அம்மாவிடம் திரும்பினாள். "ஓட்டல்ல பரோட்டாவுக்கு மாவு வெள்ளையா இருக்குதான்னு பாத்துத்தாங்க வாங்கணும். தப்பில்ல. என்னை அப்பிடிப் பாக்காதீங்க. இந்தப் புள்ளயப் பாக்கவே பாக்காதீங்க."

மாப்பிள்ளை ஒரு முறை சிரித்தார். கேலியாக இல்லை, நன்றாகவே சிரித்தார். அவர் அம்மா திரும்பிப் பார்த்ததும் அது பாதியில் நின்றது. "எழுந்திரிடா" என்றார் அவர். கேசரித் தட்டுகள் தொடப்படாமல் இருந்தன. இந்த முறை, தகவல் சொல்வதாக யாரும் சொல்லவில்லை.

சித்தி சுட்டது நாலு வில்லைதானா என்று போன வாரம் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஐந்தாவதாக ஆறாம் எண்ணும் சுட்டு வைத்திருந்தாளாம். மாற்றுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது. "ஏன் சித்தி, வேண்டாம்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்றேன். "ஆயிரம் தடவ சொன்னேன். உங்கம்மாவுக்கு நோட்டுல எழுதுனாத்தான் காதுல வுழும்" என்றாள்.

அன்றைக்கு எனக்கு அவள்மேல் அடங்காத கோபம். கல்யாணம் நின்றதற்காக அல்ல. ஐம்பத்திரண்டு வரிகளில் கடைசி முப்பத்தாறு பொய் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். ஒரு வாரத்துக்கு அவளோடு பேசக்கூடாது என்று தீர்மானித்து, இரண்டாம் நாளே மறந்துபோய்ப் பேசிவிட்டேன். அம்மா மறக்கவில்லை. சித்திக்குச் சோற்றுத் தட்டை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், ஒரு வார்த்தை வைக்க மாட்டாள். நலங்கு மாவு இன்னும் ஒரு படிக்கு மேல் மிச்சமிருந்தது. கம்பெனிக்கு டப்பா கொடுத்தனுப்புவது நின்றுபோயிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா என்னைக் குளியலறை முக்காலியில் உட்காரவைத்தாள். கிண்ணத்தில் தயிர் விட்டு மாவைக் குழைத்திருந்தாள். நெற்றி, கன்னம், கழுத்து, முழங்கை வரை இரண்டு கை என்று மெத்து மெத்தென்று பூசினாள். எவ்வளவு வாசனை! இத்தனை நாளும் நான் வெறுமனே எழுதுகிறவளாக இருந்தேன். இப்போது எனக்கே மண்டலம். புது நோட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டேன். வாங்கித் தருவதாக அம்மா சொன்னாள். அவள் குரல் சரியாக இல்லை. காலையில் ஜில்லென்று மோர் குடித்ததால் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தேன்.

மாவு பாதி காய்ந்திருக்கும்போது சித்தி வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, குளியலறை வாசலில் நின்றாள்.

"இவளுக்குமாக்கா?"

ஐந்து நாளுக்குப் பிறகு அம்மா அவளிடம் பேசிய முதல் பேச்சு இது: "நீ பட்டது போதும்டி. இவளாவது படாம இருக்கட்டும்."

"இவளுக்கு என்னா வந்துச்சு? நல்லாத்தானே இருக்கிறா. பதினோரு வயசுப் புள்ளய ஒக்காரவெச்சு, நீ சரியில்லன்னு பூசிச் சொல்றியா?"

"நான் எங்கடி சொன்னேன்? ஊரு சொல்லுது."

"ஊரு சொல்லட்டும். ஊருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். வூட்டுக்குள்ள நீ சொல்லாத."

அம்மா கையிலிருந்த கிண்ணத்தைச் சித்தி பிடுங்கினாள். அம்மா விடவில்லை. இரண்டு பேரும் ஒரு கிண்ணத்துக்காக இழுத்துக்கொண்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடைசியில் அம்மாவின் விரல்கள்தான் தளர்ந்தன. சித்தி கிண்ணத்தை அப்படியே சாக்கடைத் துளையில் கவிழ்த்தாள். அடுக்களைக்குப் போய் மாவு டப்பாவையும் எடுத்து வந்து அதிலிருந்ததையும் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். மஞ்சளாக நுரைத்து, சுழித்து, எல்லாம் போயிற்று. பிறகு சொம்புத் தண்ணீரை எடுத்து என் முகத்தைக் கழுவினாள். அவள் விரல்கள் களிமண்ணால் சொரசொரவென்று இருந்தன. அவ்வளவு அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை.

எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: நல்ல மாவு வீணாகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கெல்லாம் நகர்த்தி நகர்த்திக் காயவைத்த பூ. இரண்டு கடை ஏறி இறங்கி வாங்கிய மஞ்சள். "அவ்வளவும் வீணாப் போச்சு சித்தி" என்று அழுதேன்.

"போவட்டும்" என்றாள் சித்தி.

நான் எழுந்த முக்காலியில் அம்மா உட்கார்ந்துகொண்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சித்தியோ செருப்புக் காலோடு அவள் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். கொட்டியவளே தடவிக்கொடுப்பது எனக்கு விளங்கவில்லை. மாவுக்காக இப்படி ஒருவர் அழுவார்களா என்று ஆச்சரியப்பட்டேன், ஆனால் வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் முழங்கையைப் பிடித்து உலுக்கி, அழாதே, நாளைக்கு சனிக்கிழமை லீவுதான், நானே ஆவாரம்பூ பறித்து வந்து நிழலில் காயவைத்து உனக்குப் புதிதாக மாவு செய்து தருகிறேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.